பிரபுவின் இருமல்

அகிஷிமா பிரபு மேலிடத்து அனுமதி இல்லாமல் செத்துப்போனார்.

குளிர்காலம் முடியப்போகிற சமயம். ஆசைப்பட்டுப் பேத்தை மீன் தின்றார். விடிவதற்குள் ஆள் முடிந்துவிட்டார். ஷோகனின் ராஜ்ஜியத்தில் ஒரு பிரபு விஷ மீன் தின்று சாவது ஒழுங்கீனம். வாரிசு இல்லாமல் சாவது அதைவிடப் பெரிய ஒழுங்கீனம். வாரிசை எழுதிவைக்காமல் பிரபு கண்ணை மூடினால் நிலம், மாளிகை, கொடி எல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விடும். அவர் சோற்றை நம்பியிருக்கும் சாமுராய்க் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் தெருவுக்கு வரும்.

ஆனால் சட்டத்தில் கருணைக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். சாகக் கிடக்கும் பிரபு, ஷோகனின் கோட்டையிலிருந்து வரும் மேற்பார்வை அதிகாரியின் முன்னிலையில் இன்னாரைத் தத்தெடுக்கிறேன் என்று சம்மதம் காட்டிவிட்டால் போதும். ஆகவே அகிஷிமா மாளிகையின் திவான் தொகாஷி, பிரபுவின் உடலை உப்பிட்டு ஒரு பெரிய பீப்பாயில் இறக்கினார். அதை முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாய்களுக்கு நடுவே உருட்டி வைத்தார். பிறகு கை கால் கழுவிக்கொண்டு கோட்டைக்கு மனு எழுதினார்: ‘எங்கள் பிரபுவுக்குச் சற்றே உடல்நலம் சரியில்லை.’

எடோ நகரத்தில் இது புதிய காரியம் ஒன்றுமில்லை. செத்த பிரபுவுக்குப் பதிலாக ஊழியர் ஒருவர் திரைக்குப் பின்னால் படுத்து முனகுவார். அதிகாரி திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த முனகலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார். மறுநாள் பிரபு முறைப்படி சாவார். எல்லாரும் முறைப்படி அழுவார்கள்.

அகிஷிமா பிரபுவின் விஷயத்தில் சிக்கல் அவருடைய இருமல். அடித்தொண்டையில் கிளம்பி, நடுவில் ஒரு விசில் அடித்து, கிழிந்த பறையை அடித்தாற்போல் முடியும் இருமல் அது. சில வருஷங்களுக்கு முன் ஒரு புத்தாண்டு தரிசனத்தில், ஷோகன் வாய் திறக்கப்போன நேரம் பார்த்து, பேரவையே அதிர அதை இருமித் தொலைத்திருந்தார். அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருவர் மேற்பார்வை அதிகாரி மித்தராய். இப்போது சம்மதம் கேட்க வரப்போகிறவரும் அவரே.

திவான் தொகாஷி மாளிகை ஊழியர்கள் அத்தனை பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, பதவி வரிசைப்படி இருமச் சொன்னார். மூத்தவர்களுடையதைவிடத் தங்கள் இருமல் நன்றாக அமைந்துவிடக் கூடாது என்று இளையவர்கள் அடக்கி இருமினார்கள். மூத்தவர்கள் கௌரவம் கெடாமல் இருமினார்கள். ஒன்றும் தேறவில்லை. கிழக் கணக்கர் ஒருவர் மட்டும் உணர்ச்சிவசப்பட்டு இருமி, மயங்கி விழுந்து, அன்றிலிருந்து நிஜமாகவே படுத்த படுக்கையானார்.

அப்போதுதான் வாயிற்காவலன் இசோபே கடைசி வரிசையிலிருந்து தலையைத் தரையில் வைத்துக்கொண்டு பேசினான்.

“ஆத்துக்கு அந்தாண்டை ஒரு பொதுக்குளியல் கடை இருக்குதுங்க. போன மாசம் தொட்டியில உக்காந்திருக்கேன், சுவத்துக்குப் பின்னாலேர்ந்து நம்ம பிரபு இருமுறாரு. பதறிப்போய் வெளியே குதிச்சு, அப்படியே சுவத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன்.”

“அப்படியேன்னா?”

“துணி உடுத்த நேரமில்லீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் பார்த்தா, இருமினது கொதிகலனுக்கு விறகு தள்ளுற ஆளு.”

அந்த ஆளின் பெயர் தோமெகிச்சி. கடைக்குப் பின்புறம், பழைய மரச்செருப்பு, உடைந்த படகுப் பலகை, மக்கிய கூரை என்று கிடைத்ததையெல்லாம் அடுப்பில் தள்ளித் தள்ளி, ஊரார் அழுக்குப் போக வெந்நீர் வைப்பது அவன் வேலை. அந்தப் புகையெல்லாம் எங்கே போகும்? பாதி வானத்துக்கு, பாதி அவன் நெஞ்சுக்கு.

இசோபே அவன் குடியிருப்பைத் தேடி வந்தபோது தோமெகிச்சியின் பெண்டாட்டி ஒகின் வாசலில் உட்கார்ந்து விற்பனைக்கு மட்டிச் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இரண்டு வாள் செருகிய சாமுராய் தன் புருஷன் முன்னால் குனிந்து கும்பிட்டதைப் பார்த்ததும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“எங்க மாளிகைக்கு வந்து கொஞ்சம் இருமணும்,” என்றான் இசோபே.

“இருமணுமா?” என்றாள் ஒகின். “இந்த ஆளு இருமல் தாங்கலன்னு தெருவே என்னைக் கரிச்சுக் கொட்டுது. நீங்க வூடு தேடி வந்து கேக்கறீங்க. இதுல ஏதோ வில்லங்கம் இருக்குது சாமி.”

“மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடுவாரும்மா.”

“யோவ், போவாதய்யா.”

தோமெகிச்சி அவளைத் தனியே இழுத்துச் சொன்னான்: “வாள் வெச்சிருக்கறவன் மிரட்டினாலாவது காலுல விழலாம். கும்பிடறான்டி. கும்பிடறவன்கிட்ட மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

“மட்டிக் குழம்பு வெச்சிருக்கேன். ஆறிப்போச்சுன்னா தொலைச்சுப்புடுவேன்,” என்றாள் அவள்.

மாளிகையில் அவனைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு வெந்நீர் வைத்தவனுக்கு, அது எவ்வளவு சுகமானது என்று அன்றுதான் தெரிந்தது. பட்டுடுத்தி, மூன்று மெத்தை அடுக்கிய படுக்கையில் படுக்கவைத்து, முன்னால் திரையை இழுத்துவிட்டார்கள். நெற்றி முழுக்கச் சுருக்கமும் வாய் நிறைய மரியாதையும் கொண்ட திவான் தொகாஷி அறை வாசலில் நின்றார்.

“டேய், நல்லாக் கேட்டுக்கோ. வாயைத் திறந்தே, நாக்கு இருக்காது. நான் தொண்டையைக் கனைச்சா நீ இருமணும். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். வந்தவுடன் மண்டியிட்டு நெற்றியைப் பாயில் ஒற்றினார்.

“பிரபுவே, தங்கள் திருமேனி எப்படி இருக்கிறது?”

தோமெகிச்சி மிரண்டுபோய் எழுந்து உட்கார்ந்தான். “ஏன் சாமி, வெளியே இருந்தா டேய், உள்ளே வந்தா பிரபுவா?”

திவான் எழுந்து நிலைப்படிக்கு வெளியே போய் நின்று, “வாயை மூடுடா,” என்றார். மறுபடி உள்ளே வந்து கும்பிட்டார்.

அதிகாரி மித்தராய் வந்தார். கழுவிக் கவிழ்த்த தட்டுப் போல முகம். அதில் எதுவும் ஒட்டாது. திரைக்கு முன்னால் அமர்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தார்.

“நல்ல ஊதுவத்தி. சாவு வீட்டுல ஏத்துற ஜாதி மாதிரி இருக்குதே?”

“பிரபுவுக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்குமுங்க,” என்றார் திவான்.

“பிடிக்காம இருக்குமா? சரி. பிரபு தன் ஒன்றுவிட்ட தம்பியைத் தத்தெடுக்கச் சம்மதிக்கிறாருங்களா?”

திவான் கனைத்தார். தோமெகிச்சி இருமினான். அடித்தொண்டையில் கிளம்பி, நடுவில் விசில் அடித்து, பறை கிழிந்தது. கூடத்தில் இருந்த பழைய ஊழியர்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. செத்தவரே எழுந்து வந்தது போலிருந்ததாம். மித்தராய் தலையைச் சாய்த்துக் கேட்டார், பாட்டுக் கேட்பவரைப் போல.

“அவரேதான். ஐயமில்லை,” என்று எழுதிக்கொண்டார்.

திவானின் தோள்கள் இறங்கின. தோமெகிச்சி மட்டிக் குழம்பை நினைத்துக்கொண்டான். அப்போது மித்தராய் மடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து, எழுந்து நின்று வாசித்தார்.

‘ஷோகன் பெருமானின் பாட்டனாருடைய நினைவு ஆண்டை முன்னிட்டு, மழைக்காலம் தொடங்கும் வரை பிரபுக்களின் மரணங்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. ஏற்கெனவே சாகத் தொடங்கியவர்கள் அதே நிலையில் இருந்துகொண்டு மறு உத்தரவுக்குக் காத்திருக்கவும்.’

“பிரபு நாளைக்கே போயிடுவாரு போல இருக்குதுங்களே,” என்றார் திவான், குரல் உடைந்து.

“போகலாம். ஆனா கோட்டையில வாங்கிக்க மாட்டாங்க. வாங்கிக்காத சாவுக்கு வாரிசு கிடையாது,” என்றார் மித்தராய் அன்பாக. “பெருமான் கருணையோட தன் சொந்த வைத்தியரையே அனுப்பறாரு. உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க.”

அன்று மத்தியானம் தோமெகிச்சி வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மத்தியானமும் போகவில்லை.

பிளம் பூத்து உதிர்ந்தது. செர்ரி பூத்து உதிர்ந்தது. அவன் திரைக்குப் பின்னால் கிடந்தான். காலையில் எழுப்ப ஒருவர், கும்பிட ஒருவர், அவன் என்ன கனவு கண்டான் என்று கேட்டு எழுத ஒருவர். உணவைச் சுவைத்துப் பார்க்க வரிசையாக ஆட்கள் இருந்ததால் அவனிடம் வந்து சேரும்போது சோறு ஜில்லென்று இருக்கும். இசோபேயை அவனுக்குப் பணிவிடைக்கு வைத்தார்கள்; விஷயம் தெரிந்தவனை வாசலில் நிறுத்த முடியாதல்லவா.

“இசோபே சாமி, என் பொண்டாட்டிகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்.”

“அதைச் சொல்லாததாலதான் பிரபுவே, நான் உயிரோட இருக்கறேன். சொன்னா இருக்க மாட்டேன்,” என்றான் இசோபே தலை குனிந்தபடி.

ஆனால் ஒகின் சும்மா இருப்பவளா? ஒரு நாள் பெரிய வாயிலில் அவள் குரல் கேட்டது. மட்டி கூவி விற்ற குரல், மூன்று மதில் தாண்டி வந்தது.

“என் புருஷனை வெளியே அனுப்புங்கய்யா! இருமறதுக்குன்னு கூட்டிக்கிட்டு வந்தீங்களே, இன்னுமா இருமி முடிக்கல?”

தோமெகிச்சி மெத்தையிலிருந்து உருண்டு எழுந்து திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினான். தாழ்வாரத்தின் கோடியில் திவான் தொகாஷி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஊழியர்களின் மனைவிமார்கள், கைக்குழந்தைகளோடு, வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். ஒரு குழந்தை கொட்டாவி விட்டது.

“போகலாம்,” என்றார் திவான். “தடுக்க மாட்டேன். ஆனா நீ இந்த வாசல்ல கால் வெச்சதும் பக்கத்துல நிக்கிற காவலன் உன்னை வெட்டணும். உன்னை வெட்டின பாவத்துக்கு அவன் தன்னை வெட்டிக்கணும். அவனைத் தடுக்காத குத்தத்துக்கு நான். அப்புறம் இவங்கெல்லாம் பிச்சைக்குக் கிளம்பணும். எல்லாத்தையும் ஒழுங்கா வரிசைப்படி செய்வோம். உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம்.”

“அவ கத்துறாளே சாமி. நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு சத்தம் குடுத்துக்கறேனே.”

“இங்க தோமெகிச்சின்னு யாரும் இல்லையே. இருந்தா, பிரபு இல்லைன்னு ஆயிடும். பிரபு இல்லைன்னா நான் திவான் இல்லை. நான் திவான் இல்லைன்னா உன்கிட்ட இவ்வளவு மரியாதையா யார் பேசுவா?”

வாயிற்காவலர்கள் ஒகினிடமும் அதையே சொன்னார்கள்: தோமெகிச்சியா, அப்படி யாரும் இல்லை. அவள் விடவில்லை. தன் குடியிருப்பின் பொறுப்பாளர் ரொகுபேயை இழுத்துக்கொண்டு நகர நீதிபதி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே, ஒரு ஆள் காணாமல் போனால் அது ஓடிப்போனதாகத்தான் பொருள், ஓடிப்போனவனைப் பிடித்துத் தராவிட்டால் அவன் அண்டை வீட்டார் ஐந்து பேரும் பொறுப்பாளரும் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நியாயம் கேட்கப் போன ஒகின் ஆறு பேருக்குத் தண்டனை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அதிலிருந்து அண்டை வீட்டார் அவள் மட்டியைத் தொடுவதில்லை. இதையெல்லாம் இசோபே ஊரில் கேட்டுக்கொண்டு வந்து, திரைக்கு அருகில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தோமெகிச்சியிடம் முணுமுணுத்தான். தோமெகிச்சி பட்டுப் போர்வையை வாயில் திணித்துக்கொண்டான்.

பிறகு வைத்தியர் வந்தார். பிரபுவின் உடம்பைத் தொடுவது முறையல்ல. ஆகவே திரைக்கு உள்ளே மணிக்கட்டில் ஒரு பட்டு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைப் பிடித்து நாடி பார்த்தார். நூலைக் கட்டவந்த ஊழியர் பதற்றத்தில் அதைத் தன் கட்டைவிரலிலேயே சுற்றிக்கொண்டார். வைத்தியர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்து, “நுரையீரலில் பிரபுத்தன்மை குறைந்திருக்கிறது,” என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்.

மருந்து வேலை செய்ததோ, புகையில்லாத அறைதான் காரணமோ, தோமெகிச்சியின் நெஞ்சு சுத்தமானது. இருபது வருஷத்துக்குப் பிறகு மூச்சு தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. அவனுக்கே வியப்பாக இருந்தது. மாளிகையோ கதிகலங்கிப் போனது. இருமல் நின்றால் பிரபு தேறிவிட்டார் என்று பொருள். தேறிய பிரபு மறுநாளே கோட்டைக்கு நேரில் போய் முகம் காட்டி நன்றி சொல்ல வேண்டும்.

பச்சைத் தேவதாரு இலையைச் சட்டியில் கொளுத்தி, இசோபே படுக்கையருகே விசிற ஆரம்பித்தான். திவான் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பிரபுவே, ஒண்ணே ஒண்ணு. எங்க குலம் தழைக்க ஒரு இருமல்.”

“வரலையே சாமி,” என்று அழுதான் தோமெகிச்சி, கண்ணெல்லாம் சிவந்து. இசோபே இருமினான். திவான் இருமினார். தாழ்வாரத்தில் காவல் நின்றவர்களெல்லாம் இருமினார்கள். பிரபு மட்டும் ஆரோக்கியமாகக் கிடந்தார். பிறகு சட்டியைப் போர்வைக்குள்ளேயே வைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் அவன் ரத்தம் கலந்து இருமினான். மாளிகையில் அன்று சிவப்புப் பயறுச் சோறு ஆக்கிக் கொண்டாடினார்கள்.

வெயில் ஏற ஏற, ஊறுகாய்க் கிடங்கை நினைத்து யாரும் ஊறுகாய் தொடவில்லை. எல்லாரும் மழைக்காக ஏங்கினார்கள். மழை வந்தால் பிரபு சாகலாம். பிரபு செத்தால் தோமெகிச்சி பின்வாசல் வழியாகப் போகலாம். திவான் வாக்குக் கொடுத்திருந்தார். தோமெகிச்சி கூரையையே பார்த்தபடி படுத்திருந்தான்.

ஒரு காலையில் ஓட்டின் மேல் முதல் தூறல் விழுந்தது. அன்றைக்கே மித்தராய் வந்தார். குடையை மடக்கி, உதறி, நிதானமாக உட்கார்ந்தார்.

“இன்றிலிருந்து மரணங்கள் வாங்கிக்கிறாங்க. தத்தும் உறுதியாயிடுச்சு. அகிஷிமா வம்சத்துக்கு இனி பயமில்லை. வாழ்த்துகள்.”

கூடம் முழுக்கத் தலைகள் தரையில் பட்டன. திவான் விம்மினார்.

“இன்னொரு சின்ன விஷயம்,” என்று மித்தராய் எழுந்து நின்றார்.

‘புத்தாண்டு தரிசனத்தின்போது ஷோகன் பெருமான் திருவாய் மலரும் வேளையில் இருமிய குற்றத்துக்காக, அகிஷிமா பிரபு தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டு உயிர்விடுமாறு உத்தரவிடப்படுகிறது.’

“அந்த இருமலுக்கா? இத்தனை வருஷம் கழிச்சா?” என்றார் திவான்.

“எந்த அதிகாரியும் அவசரப்பட்டு முடிவெடுக்கலைங்கறதுக்கு அதுதானே அத்தாட்சி. ஒவ்வொரு அறையா போய், ஒவ்வொரு முத்திரையா வாங்கி வந்திருக்குது. இப்போ பிரபு செத்துக்கிட்டிருக்காருன்னு அதை நிறுத்தினா, அத்தனை முத்திரையும் பொய்யாயிடுமே. நோயாளின்னு கருணை காட்டியிருக்காங்க: கத்தி வேண்டாம், விசிறி போதும். விசிறிக்குக் கை நீட்டினதும் பின்னால நிக்கிறவர் தலையை எடுத்துடுவார். நான் சாட்சி. நாளை காலை.”

தோமெகிச்சிக்குத் திரைக்குப் பின்னால் எல்லாம் கேட்டது. ஒரு நொடி, பாவம் அந்தப் பிரபு என்றுகூட நினைத்தான். பிறகுதான் அந்த மெத்தையில் கிடப்பது யார் என்று உறைத்தது. திரையைக் கிழித்துக்கொண்டு மித்தராயின் காலடியில் வந்து விழுந்தான்.

“ஐயா, நான் பிரபு இல்லீங்க! தோமெகிச்சிங்க. குளியல் கடையில விறகு தள்ளுறவன். அன்னிக்குக் கோட்டையில இருமினது நான் இல்லீங்க! பிரபு ஊறுகாய்க் கிடங்குல இருக்காருங்க, போய்ப் பாருங்க!”

மித்தராய் அவனை முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தார். அந்தத் தட்டு முகத்தில் இப்போதும் ஒன்றும் ஒட்டவில்லை.

“தெரியும்ப்பா,” என்றார். “முதல் நாளே வாசல்லயே தெரியும். இதுபோல எத்தனையோ மாளிகையில சம்மதம் எழுதியிருக்கேன். உயிரோட இருந்த பிரபு ஒண்ணு ரெண்டு பேர்தான். அவங்களால எப்பவும் தொல்லைதான்.”

“அப்போ என்னை விட்டுடுங்கய்யா.”

“எப்படி விடறது? நல்லா யோசிச்சுப் பாரு. நீ விறகு தள்ளுறவன்னா, பிரபுவோட மெத்தையில, பிரபுவோட சின்னம் போட்ட பட்டுல படுத்திருக்கே. அதுக்குச் சிலுவையில கட்டி ஈட்டியால குத்துவாங்க. இவங்க எல்லாருக்கும் தண்டனை. உன் பொண்டாட்டிக்கும் உண்டு. நீ பிரபுன்னா, விசிறி. வெள்ளைத் துணி. வலிக்கவே வலிக்காது. எதுன்னு நீயே சொல்லு. நான் கருணையுள்ளவன், உன் இடத்துல இருந்தா பிரபுவாத்தான் இருப்பேன்.”

மழை கூரையில் சீராகப் பெய்துகொண்டிருந்தது. பெண்டாட்டி பேச்சு வந்ததுமே தோமெகிச்சியின் முகம் வெளிறிவிட்டிருந்தது. பிறகு யார் உதவியும் இல்லாமல் எழுந்து, கிழிந்த திரைக்கு அந்தப் பக்கம் போய் மெத்தையில் உட்கார்ந்தான். திவான் உடனே நெற்றியைத் தரையில் வைத்தார்.

மறுநாள் காலை முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்தார்கள். மழைக்காக மேலே கித்தான் கட்டியிருந்தது. மித்தராய் சாட்சியின் ஆசனத்தில் அமர்ந்து, வழக்கப்படி கேட்டார்.

“பிரபுவுக்குக் கடைசிக் கட்டளை ஏதும் உண்டுங்களா? எதுவானாலும் இந்த மாளிகை நிறைவேத்தியாகணும். அது சட்டம்.”

தோமெகிச்சி இரவு முழுக்க இதைத்தான் யோசித்திருந்தான். பணிவிடை செய்த இசோபேயிடம் சட்டத்தைத் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தான். வார்த்தைகள் தெளிவாக வந்தன.

“உண்டு. இந்த மாளிகையில தோமெகிச்சின்னு ஒரு விறகு தள்ளுறவன் அடைபட்டுக் கிடக்கான். அவனை இப்பவே, இந்த நிமிஷமே, அவன் பொண்டாட்டிகிட்ட அனுப்புங்க. அவனுக்கு எந்தத் தண்டனையும் கூடாது. இது என் கட்டளை.”

திவானின் முகம் சாம்பலாயிற்று. “அப்படி யாரும் இங்க...”

“கட்டளை செல்லும்,” என்றார் மித்தராய். தூரிகையை மையில் தோய்த்து எழுதினார். “தோமெகிச்சி. விறகு தள்ளுறவன். தண்டனை இல்லாம, இப்பவே. சரிதான்.”

தோமெகிச்சியின் நெஞ்சு குதித்தது. அவர்களுடைய காகிதத்தாலேயே அவர்களைக் கட்டிவிட்டான். இனி அவர்களால் என்ன செய்ய முடியும்? வெள்ளைத் துணியிலிருந்து எழுந்து நின்றான். ஒரு கால் செருப்பைத் தேடியது.

“பிரபுவே,” என்றார் திவான் மெதுவாக, “தாங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? போக வேண்டியவன் தோமெகிச்சி அல்லவா?”

சொல்லிவிட்டுத் திரும்பி வரிசை வரிசையாக ஊழியர்களைப் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். திவானின் பார்வை கடைசி வரிசையில் போய் நின்றது.

“இசோபே. உனக்கும் அந்த ஆள் வயசுதானே?”

“திவான் ஐயா!” இசோபேயின் குரல் கிறீச்சிட்டது. “எனக்கு ஊர்ல அம்மா இருக்காங்க!”

“வாயிற்காவலன் இசோபே நேத்து ராத்திரி காய்ச்சல்ல இறந்துட்டான். அவன் தாயாருக்கு அனுதாபம் சொல்லி ஆள் அனுப்புங்க,” என்றார் திவான், பக்கத்திலிருந்தவரிடம். “இவனோட வாளை வாங்கிக்கங்க. குடுமியை மாத்துங்க. கொஞ்சம் கரி பூசுங்க.”

தோமெகிச்சி நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். இசோபேயை இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். கட்டளை நிறைவேறிவிட்டதாக மித்தராய் எழுதி முடித்தார். பிறகு ஊழியர் ஒருவர் தோமெகிச்சியின் தோளில் மிக மரியாதையாகக் கை வைத்து, அவனை மறுபடி உட்காரவைத்தார். முன்னால் தட்டில் விசிறி இருந்தது. அவன் கை நீட்டவில்லை. வெகுநேரம் நீட்டவில்லை. கடைசியில், “நேரமாகிறது பிரபுவே, இவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது,” என்று திவான் கெஞ்சினார்.

அகிஷிமா பிரபுவின் சாவு ஊர்வலம் பிரமாதமாக இருந்தது என்று எடோவில் பேசிக்கொண்டார்கள். ஒரு பிரபுவுக்கு எதற்கு இரண்டு சவப்பீப்பாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கட்டளை எழுதப்பட்ட அன்று மாலையே ஒகினின் வாசலில் பொறுப்பாளர் ரொகுபேயும் அண்டை வீட்டார் ஐந்து பேரும் வந்து நின்றார்கள். நடுவில் மழையில் நனைந்த ஒருவன். முகத்தில் பூசிய கரி வழிந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது.

“ஒகின், பார், உன் புருஷன் வந்துட்டான்!” என்றார் ரொகுபே. குரலில் அப்படி ஒரு குதூகலம். “மேலிடத்துக் காகிதத்தோட வந்திருக்கான். எங்க எல்லாருக்கும் தண்டனை ரத்து!”

ஒகின் அந்த மனிதனைப் பார்த்தாள். ஒரு நாள் தன் வாசலில் வந்து கும்பிட்ட அதே ஆள். பிறகு அண்டை வீட்டாரின் முகங்களைப் பார்த்தாள். ஐந்து முகமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“சொல்லும்மா. சும்மா ஒரு வார்த்தை. இவன்தானே தோமெகிச்சி?” ரொகுபேயின் குதூகலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெஞ்சலாகிக்கொண்டிருந்தது. “இல்லைன்னா, ஷோகனோட காகிதம் பொய்யின்னு ஆயிடுமே.”

“இவன்தான்,” என்றாள் ஒகின். “உள்ளே வாய்யா, நனையாதே.”

கதவைச் சாத்தினாள். இசோபே மண் தரையில் மண்டியிட்டான். பழக்கதோஷத்தில் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, வாள் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். ஒகின் கேட்டாள்.

“கடைசியா என்ன சொன்னான்?”

“தோமெகிச்சியை வீட்டுக்கு அனுப்புங்கன்னு சொன்னாரும்மா.” இசோபே கழுத்தில் வழிந்த கரியைத் துடைத்துக்கொண்டான். “விட்டுடுவாங்கன்னு நினைச்சு எழுந்தே நின்னுட்டாரு.”

வெளியே யாரோ சாராயம் வாங்கிவரச் சொல்லிக் கத்தினார்கள். தோமெகிச்சி வந்துவிட்டான், தோமெகிச்சி வந்துவிட்டான் என்று குடியிருப்பு முழுக்கச் செய்தி ஓடியது. இசோபே வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

“சத்தம் போடாதே,” என்றாள் ஒகின். “சுவர் காகிதம் மாதிரி. புருஷன் திரும்பி வந்த வூட்டுல அழுகைச் சத்தம் கேட்டா, அதுக்கும் விசாரணை வரும்.”

ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் புரிந்துகொண்டு பல்லில் கடித்துக்கொண்டான். மறுமுனையை அவள் கடித்துக்கொண்டாள்.